வீடு புகுந்த ஆமை உருப்படுமா?



சாரல் சீசனில் குற்றாலம் போனால் என்னென்ன கேட்பீர்கள்? மெயின் அருவியில் ஒரு குளியல், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, ரம்புட்டான், மங்குஸ்தான்... இப்படித்தானே? நானும் உங்கள் வயதில் இதையெல்லாம் கேட்டு அடம் பிடித்தவன்தான். ஆனால், ஒரு வருடம் கேட்காமலே ஒரு பரிசு கிடைத்தது.

அப்போது ஆறாம் வகுப்பு படித்தேன். தென்காசியில் வீடு. ஐந்தருவிக்குப் போய்விட்டு வந்த மாமா, தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சை ஓட்டுடன் ஓர் ஆமைக்குட்டி! கண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு கோடு.

''இந்தா மருமவனே, ஒனக்குத்தான்!'' என்றார் மாமா.

''ஏல, ஆமை புகுந்த வீடு உருப்படாதுல!'' என்று திண்ணையில் இருந்து ஆச்சி சத்தம் போட்டாள். யார் கேட்டது?

கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, நாலு கூழாங்கல் போட்டு, டிவி மேலே வைத்தேன். சோற்றுப் பருக்கையும், பிஸ்கட் தூளும்தான் சாப்பாடு. சில மாதங்களில் அதன் ஓடு, நனைந்த அட்டை மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. கண் இரண்டும் வீங்கித் திறக்கவே இல்லை. ஒருநாள் காலையில் தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அழுதேன்.

ஆச்சி சொன்னது தப்பு குட்டீஸ். எங்கள் வீடு நன்றாகத்தான் இருந்தது. வீடு புகுந்த ஆமைதான் உருப்படவில்லை!

இந்தப் பழைய கதையை இப்போது ஏன் சொல்கிறேன் தெரியுமா? உங்களில் பலருக்கு ஆமைக்குட்டி வளர்க்க ஆசை இருக்கிறது. 'வீட்டுக்குள்ளேயே பத்திரமா ஒரு தொட்டி வைத்தால் போதாதா?' என்று கேட்கிறீர்கள். 'போதாது' என்பதுதான் என் கருத்து. வெறுமனே 'வேண்டாம்' என்றால் உங்களுக்குப் பிடிக்காது. அதனால், கற்பனையிலேயே ஒரு தொட்டி கட்டிப் பார்ப்போமா?

தொட்டி ரெடியா?

நம் ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் பிடித்தது நட்சத்திர ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். தமிழ்நாட்டின் வறண்ட புதர்க்காடுகளிலும், ஆந்திரா, குஜராத், ராஜஸ்தான், இலங்கை ஆகிய இடங்களிலும் வாழ்கிறது. இது நிலத்து ஆமை.

முதலில் வெயில். ஆமையின் உடம்பு தானாகச் சூடாகாது. தொட்டியின் ஒரு பக்கம் வெயில் காயச் சூடாகவும், மறுபக்கம் ஒதுங்கிக் கொள்ளக் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஓடு கெட்டியாகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அந்தச் சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்குச் சூரியனின் புற ஊதாக் கதிர் வேண்டும். 'ஜன்னல் ஓரம் வைத்தால் ஆச்சு' என்கிறீர்களா? அங்கேதான் ஏமாந்து போவோம்! கண்ணாடி வழியாகச் சூடு வரும். ஆனால், ஆமைக்கு வேண்டிய அந்தக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்கென்றே இருக்கும் விளக்கை நாள்தோறும் மணிக்கணக்கில் எரிய விட வேண்டும். கரண்ட் போனால்? நீங்கள் ஊருக்குப் போனால்?

அடுத்து, சுவர். கண்ணாடி என்று ஒன்று இருப்பதே ஆமைக்குப் புரியாது. வெளியே வழி தெரிகிறதே என்று முட்டிக்கொண்டே இருக்கும். தரையில் மண், ஒளிந்துகொள்ள இடம், மூழ்கிவிடாத ஆழத்தில் தண்ணீர்த் தட்டு, தின்ன விதவிதமான புல், இலை, தழை... எல்லாம் வேண்டும். சோறும் பிஸ்கட்டும் அதற்கு உணவே இல்லை.

கடைசியாக, காலம். நட்சத்திர ஆமை 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்று உங்களுக்குப் பத்து வயது என்றால், நீங்கள் நாற்பது வயது ஆளாகும்போதும் அது இருக்கும்! கொல்கத்தா அலிப்பூர் உயிரியல் பூங்காவில் 'அத்வைதா' என்ற ராட்சத ஆமை இருந்தது. 1875-ல் அங்கே வந்தது என்பார்கள். இறந்தது 2006-ல்! இத்தனை காலத்துக்கு யார் பொறுப்பு எடுத்துக்கொள்வது?

ஆக, எவ்வளவு செலவு செய்தாலும் நாம் கட்டுவது புதர்க்காட்டின் ஒரு சின்ன, மோசமான நகல்தான். அசல் வெளியே இலவசமாக இருக்கிறதே!

புலிக்குச் சமமான ஆமை

இன்னொரு முக்கியமான விஷயம். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதை 2022-ல் திருத்தினார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை! அதைப் பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

ஒரு ஆமைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்கிறீர்களா? 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? இந்தியாவில் ஒரே ஒரு வட்டாரத்தில் இருந்து மட்டும், ஓர் ஆண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகளைத் திருட்டுத்தனமாகப் பிடித்திருக்கிறார்கள். செல்லமாக வளர்க்க ஆசைப்பட்டவர்கள் இதற்கு ஒரு முக்கியக் காரணம்! பைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் அடைத்து விமானத்தில் கடத்துகிறார்கள். வழியிலேயே பல செத்துப் போகின்றன. அதனால்தான் 2019-ல் உலக நாடுகள் ஒன்றுகூடி, இந்த ஆமையை நாடு விட்டு நாடு விற்பதற்கு மிகக் கடுமையான தடை விதித்தன.

'நான் ஒருத்தன் ஒன்றே ஒன்று வாங்கினால் என்ன?' என்று தோன்றும். அந்த 55,000-ம் அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்ததுதானே!

பச்சை ஆமை பரவாயில்லையா?

என் மாமா கொடுத்தது இந்த வகை இல்லை. அது அமெரிக்காவில் இருந்து வந்த செங்காது ஆமை, தண்ணீரில் வாழ்வது. கடையில் நாணயம் அளவுக்கு இருக்கும். வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆகிவிடும். அப்போது பலர் என்ன செய்கிறார்கள்? பக்கத்துக் குளத்தில் விட்டுவிட்டுப் 'புண்ணியம்' என்று நினைக்கிறார்கள். குற்றால மலையில் பிறந்து தென்காசி வழியே ஓடும் சிற்றாற்றில் இதை விட்டால், நம் ஊர் ஆமைகளின் உணவையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். உலகிலேயே மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு.

உங்கள் உடம்புக்கும் ஆபத்து. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையிடமும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். இதனால் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்ததால், அமெரிக்காவிலேயே 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைக்குட்டிகளை விற்க 1975-ல் தடை போட்டுவிட்டார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆமை இருக்கிறதா? பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகக் குளத்திலோ காட்டிலோ விட்டுவிடாதீர்கள். அப்பா, அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர்களோடு போய் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அதுதான் ஆமைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள்.

ரோட்டைக் கடக்கும் ஆமையைப் பார்த்தால்? பெரியவர்களிடம் சொல்லுங்கள். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ, அந்தப் பக்கத்து ஓரத்தில் மெதுவாக எடுத்து விட்டால் போதும். 'ஆமைதானே, நீந்தும்' என்று கிணற்றில் போட்டுவிடக் கூடாது. நிலத்து ஆமைக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும்!

நிறைய ஆமைகளைக் கண்குளிரப் பார்க்க வேண்டுமா? சென்னைக்குப் போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். முதலைகளோடு பலவகை ஆமைகளும் அங்கே உண்டு.

நம் தென்காசி மாவட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேற்கே அருவி கொட்டும் மலை. கிழக்கே புதரும் பனையுமாக வறண்ட பூமி. இடையில் எத்தனையோ குளங்கள். மலைக்கு ஓர் ஆமை, புதருக்கு ஓர் ஆமை, குளத்துக்கு ஓர் ஆமை என்று இயற்கையே வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது. நாம் தனியாகத் தொட்டி கட்ட வேண்டியதில்லை. அந்த வீடுகளில் பிளாஸ்டிக்கைக் கொட்டாமல், தீ வைக்காமல் இருந்தாலே போதும்.

அடுத்த சீசனில் குற்றாலம் போகும்போது, எந்தக் கடையிலாவது ஆமைக்குட்டி உங்களைப் பார்த்துக் கழுத்தை நீட்டலாம். ஆசையாகத்தான் இருக்கும். அப்போது எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியை ஒரு நிமிடம் நினைத்துக் கொள்ளுங்கள். 'வேண்டாம் மாமா, பஜ்ஜி வாங்கித் தாங்க' என்று சொல்லிவிடுங்கள்.

சொல்வீர்கள்தானே செல்லங்களே?