மிருகசாலை ஊழியர்

விடுமுறை நாட்களில் வண்டலூர் மிருகக் காட்சிசாலையில் கூடும் ஜனங்கள் சிங்கத்தையும் புலியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகிறார்கள். காலையில் கூண்டைக் கழுவி, இரையை நிறுத்துப் போட்டு, மீந்ததை உற்றுப் பார்க்கும் ஊழியரை நினைப்போர் சிலரே.

அந்தக் கவனத்தின் மதிப்பு 2021-ம் வருஷம் வெளியாயிற்று. மே மாதக் கடைசியில் அங்கே ஐந்து சிங்கங்கள் சரியாக இரை தின்னவில்லை, இடையிடையே இருமின. 11 சிங்கங்களின் மாதிரிகளைப் போபாலுக்கு அனுப்பிப் பரிசோதித்ததில் ஒன்பதுக்குக் கொரோனாத் தொற்று இருப்பது தெரிந்தது. ஜூன் மாதத்தில் இரண்டு மாண்டன. வாயில்லாப் பிராணியின் நோய் பெரும்பாலும் இரையிலேதான் முதலில் தெரிகிறது. அதைத் தினமும் பார்த்துப் பழகிய கண் இல்லாவிடில் வைத்தியர் வந்தும் பயனென்ன?

வனவிலங்கு சம்ரக்ஷணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத சிங்கவால் குரங்கை வண்டலூரில் இனவிருத்தி செய்து வருகிறார்கள். எந்தத் தாய் குட்டியை அணைத்தது, எது கூட்டத்தோடு சேராமல் ஒதுங்கியது என்று அன்றாடம் கவனித்துக் குறிக்காவிடில் அவ்வேலை ஓர் அடியும் நகராது. காட்டு மிருகத்தைக் கூண்டில் வைப்பதே தவறென்று ஆட்சேபிப்போரும் உண்டு. அவர்களுங்கூட, வைத்ததைச் சரிவரப் பேண வேண்டுமென்பதை மறுக்கமாட்டார்கள்.

ஆகையால், மிருகசாலைகளுக்குப் பணம் ஒதுக்கும்போது, வாயில் அலங்காரத்துக்கு முன்னதாக ஊழியரின் எண்ணிக்கை, பயிற்சி, நிரந்தர உத்தியோகம், நோய்த் தடுப்பு ஆகியவற்றைக் கவனிக்குமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம். பட்ஜெட்டில் இவற்றுக்குத் தனித் தொகை காட்டப்படட்டும்.