ரத்தத்துல தெரியுமா மூளை?

'டோப்பமைன் எகிறுதுடா மச்சி'ன்னு கேன்டீன்ல அடிச்சு விடுறீங்களே பாஸ்... எவ்வளவு எகிறுதுன்னு ஒரு பிளட் டெஸ்ட்ல பார்த்துட முடியுமா?

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஸ்ட்ரிக்டான ஒரு வாட்ச்மேன் இருக்கார். டோப்பமைனுக்கு அந்த கேட்ல அனுமதி இல்லை. ஆனா, மூளையில் அது வேலை முடிஞ்சு சிதைஞ்சதும் மிஞ்சுற 'ஹோமோவெனிலிக் அமிலம்' வெளியே வந்து ரத்தத்தில் கலந்துடும். அப்போ அதை அளந்தா, உள்ளே எவ்வளவு டோப்பமைன் புழங்குதுன்னு கணக்குப் போடலாமே! ஐடியா என்னவோ சூப்பர்தான்.

சிக்கல் என்னன்னு கிளியனூர் பக்கத்து ஃப்ரெண்டைக் கேளுங்க, சொல்வார். சுத்துப்பட்டு ஏரியில் எல்லாம் வழியற மழைத்தண்ணி கழுவெளியில் சேர்ந்து, மரக்காணம் பக்கம் கடலுக்குப் போகுது. முகத்துவாரத்தில் ஒரு சொம்பு மொண்டு, 'இதுல கிளியனூர்த் தண்ணி எவ்வளவு?'ன்னு கேட்டா முழிப்பாரா, மாட்டாரா? ரத்தமும் அப்படித்தான். குடல், சிறுநீரகம், உடம்பு முழுக்க ஓடுற நரம்புகள்னு பல இடத்துல இருந்தும் அதே அமிலம் வந்து கொட்டுது. நீங்க சாப்பிட்ட வாழைப்பழம்கூட கணக்கைக் கெடுக்கும். (பழத்தில் டோப்பமைன் இருக்கு. ஆனா, வாட்ச்மேன் விடமாட்டார். சீப்பு சீப்பா உள்ளே தள்ளாதீங்க!)

அதனால், ராத்திரி பட்டினி போட்டு, காலையில் அசையாமப் படுக்கவெச்சு ரத்தம் எடுத்தாங்க. டெப்ரிசோகுயின்னு ஒரு மருந்தையும் கொடுத்துப் பார்த்தாங்க. மூளைக்குள் அது போகாது. வெளியே நடக்கிற சிதைவை மட்டும் அமுக்கும். மத்த ஏரி மதகை எல்லாம் மூடிட்டு அளக்கிற டெக்னிக்! ஆனாலும் மதகு கசியத்தான் செஞ்சது. ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒருபடி மேலே போய், மூளையில் இருந்து இறங்குற கழுத்து ரத்தக்குழாயிலேயே ரத்தம் எடுத்தாங்க. நினைச்சாலே கழுத்து கூசுது.

இத்தனை பாடும் எதுக்கு? மனச்சிதைவு நோய்க்காக. 1984-ல் அமெரிக்காவின் டேவிட் பிக்கார் குழு, 'சயின்ஸ்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. மருந்து தொடரத் தொடர ரத்தத்தில் அந்த அமிலம் குறையுது. நோயாளிகள் தேறுறதும் அதோட ஒத்துப்போகுது. அதே 1984-ல்தான் சென்னையில் டாக்டர் சாரதா மேனன், மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார்.

ஆனா, ஒரு குழுவோட சராசரியில் தெரியறது தனி ஆளிடம் பிடிபடறதில்லை. இன்னிக்கும் மனச்சிதைவைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. டாக்டர் டெஸ்ட் எழுதினா, தைராய்டு மாதிரி வேற கோளாறு இருக்கான்னு பார்க்கத்தான். மத்தபடி உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்கணும். 'ஸ்கேன்கூட எடுக்கலை, இவரெல்லாம் டாக்டரா?'ன்னு வீட்ல பாதியில் எழுந்து வந்துடுறாங்க பாருங்க, அங்கேதான் நாள் வீணாகுது.

உங்க ரூம்மேட் திடீர்னு யார்கிட்டயும் பேசாம ஒதுங்குறாரா? இல்லாத குரல் காதில் கேட்குதுங்கறாரா? கிண்டல் பண்ணாம, பக்கத்தில் உட்கார்ந்து என்ன, எப்போ இருந்துன்னு கேளுங்க. யார்கிட்ட கூட்டிட்டுப் போறதுன்னு தெரியலைன்னா 14416. 2022-ல் ஆரம்பிச்ச 'டெலி மானஸ்' இலவச எண். தமிழ்லயே பேசலாம்.