சாட்சியின் சொல் யாருடையது?

ஒரு கவிதையில் காற்புள்ளி இடம் மாறினால் கொதித்தெழும் நாம், நீதிமன்றக் கூண்டில் நிற்கும் எளிய மனிதரின் சொற்கள் மாற்றி எழுதப்படுவதை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கிறார்: "அந்த இடத்தில் போதிய வெளிச்சம் இல்லை, அப்படித்தானே?" சாட்சி, "ஆமாங்க" என்கிறார். ஏட்டில் ஏறுவதோ, "சம்பவ இடத்தில் போதிய வெளிச்சம் இல்லை என்றால் சரிதான்" என்னும் முழு வாக்கியம். கேள்வி மறைந்துவிட்டது, கேட்டவரின் சொற்கள் சாட்சியின் வாயில் குடியேறிவிட்டன. புரிந்து சொன்னாரா, மிரண்டு சொன்னாரா என்பதை மேல்முறையீட்டு நீதிபதி எதைக்கொண்டு அறிவார்?

இது தட்டச்சரின் பிழையன்று. சட்டம் திறந்துவைத்த வழி. அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியத்தைப் பொதுவாகக் கதைவடிவில் எழுதவேண்டும், நீதிபதி விரும்பினால் எப்பகுதியையும் வினா விடையாக எழுதலாம் என்றது 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 276. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் அதையே 311ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஐம்பதாண்டுக்குப் பின் சட்டத்தையே மாற்றி எழுதியவர்கள், இந்தக் கதைவடிவை மட்டும் கைவிடவில்லை!

ஆங்கிலத்தில் பதிந்தால் கேடு இன்னும் பெரிது. "வந்து அடிச்சாங்க" என்கிறார் சாட்சி. அடித்தவர் மரியாதைக்குரிய ஒருவரா, பலரா? தமிழ் அதைத் திறந்தே வைக்கிறது. ஆங்கிலம் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும். ஐவர் கூடினால் சட்டவிரோதக் கும்பல் என்னும் குற்றமே எழக்கூடிய இடத்தில், அந்தத் தேர்வைச் செய்வது யார்? சாட்சி பேசிய மொழியிலேயே சாட்சியம் பதியப்படவேண்டும் என 2023 ஜனவரியில் நயீம் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. விதி முன்பே இருந்தது. பின்பற்றப்படாததால்தான் நினைவூட்ட நேர்ந்தது.

சொல்லுக்குச் சொல் எழுத நேரமேது என்பார்கள். கலிஃபோர்னியாவில் அதற்கென்றே தேர்வெழுதி உரிமம் பெற்ற சுருக்கெழுத்தர்கள் உள்ளனர்; அவர்களை ஒழுங்குபடுத்த வாரியமும் உண்டு. இங்கே நீதிபதி சுருக்கிச் சொல்ல, தட்டச்சர் அடிக்கிறார்.

எனவே நாங்கள் கேட்பவை மூன்று: குறுக்கு விசாரணை வினா விடையாகவே பதியப்படவேண்டும், ஒலிப்பதிவு கட்டாயமாகவேண்டும், பதிந்ததைச் சாட்சிக்குப் படித்துக்காட்டும் கடமை வெறும் கையொப்பச் சடங்காகச் சுருங்கக்கூடாது.

"ஆமாங்க" என்றவர் "ஆமாங்க" என்றே சொன்னதாக ஏட்டில் இருக்கட்டும். அதன் பொருளைத் தீர்ப்பு சொல்லட்டும்.