வாசம் இல்லாத கிரீம் ஒன்று வேண்டும்

எங்க பாப்பாவுக்கு ஏழு மாசம். மூணாவது மாசத்திலேயே ரெண்டு கன்னமும் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. முதல்ல எல்லாரும் "ஆப்பிள் மாதிரி இருக்கு"ன்னு கொஞ்சினாங்க. ஒரே வாரத்தில் தோல் சொரசொரத்து, நீர் கசிஞ்சு, பொருக்குக் கட்டிடுச்சு. ராத்திரியானா என் தோளில் கன்னத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு அழுவா. காலையில் பார்த்தா என் நைட்டியில் ரத்தப் புள்ளிகள்.

கரப்பான். டாக்டர் பாஷையில் எக்ஸிமா.

பார்க்க வந்தவங்க ஒருத்தர் விடாம என்னைக் கேட்டது ஒரே கேள்விதான். "நீ என்னம்மா சாப்பிட்டே?" கத்தரிக்காயா? கருவாடா? சரின்னு கத்தரிக்காயை விட்டேன். மீனை விட்டேன், முட்டையை விட்டேன். பால் கொடுக்கிற உடம்பு, ரெண்டு மாசம் ரசஞ்சாதத்திலேயே ஓடுச்சு. கரப்பான் போச்சா? போகலை. நான்தான் இளைச்சேன். குழந்தைக்குத் தோல் சிவந்தா அம்மா ஏன் குற்றவாளி ஆகணும்? நீங்களே சொல்லுங்க.

கடைசியில் ஒரு தோல் டாக்டரம்மா உட்காரவெச்சு விளக்கினாங்க. நம்ம தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரியாம். செல்கள் செங்கல், இடையில் இருக்கிற கொழுப்புதான் பூச்சு. பூச்சு சரியில்லேன்னா ஈரம் வெளியே போகும், சோப்பும் தூசியும் உள்ளே போகும், அரிக்கும். ஃபிலாக்ரின்னு ஒரு புரதம் இருக்கு. அதுக்கான மரபணுவில் கோளாறு இருந்தா கரப்பான் வர வாய்ப்பு அதிகம்னு 2006-லேயே கண்டுபிடிச்சாச்சு. சில குழந்தைகளுக்கு உணவு அலர்ஜியும் சேர்ந்து இருக்கலாம். ஆனா அதை டாக்டர் பார்த்துச் சொல்லணும், மாடிப்படியில் நின்னு பேசறவங்க இல்லை.

முதல்ல பார்த்த டாக்டர் இதில் ஒரு வரிகூடச் சொல்லலை. "மாய்ஸ்சரைசர் போடுங்க"ன்னு சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாங்க. எது, எவ்வளவு, எப்போ? ஒண்ணும் தெரியாம கடையில் போய் நின்னேன். அட்டையில் சிரிக்கிற குழந்தை, "மென்மையானது"ன்னு கொட்டை எழுத்து. வீட்டுக்கு வந்து பின்பக்கம் பொடி எழுத்தைப் படிச்சா கடைசியில் 'பர்ஃப்யூம்'. கரப்பான் தோலை உறுத்தறதில் வாசனைப் பொருளுக்கு முக்கிய இடம் உண்டு. அதைக் குழந்தை கிரீமில் ஏன் போடறாங்க? 'அன்சென்டட்'னு போட்டிருந்தாலும் நம்ப முடியாது, மூல வாசனையை மறைக்கவே இன்னொரு வாசனை சேர்க்கிறது உண்டு. 'ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ'ன்னு இருக்கணும், பட்டியலிலும் பார்க்கணும்.

நாமளும் குழந்தையைத் தூக்கினதும் உச்சியை முகர்ந்து பார்க்கிறவங்கதானே? "பவுடர் போடலையா, குழந்தை வாசமே இல்லையே"ன்னு எங்க சித்தி ரொம்பவே வருத்தப்பட்டாங்க. பவுடர், சாம்பிராணிப் புகை, பயத்தமாவுத் தேய்ப்பு, எல்லாம் பாசத்தில் வர்றதுதான். ஆனா புண்ணாகிக் கிடக்கிற தோல் அதைத் தாங்காது. துபாயிலிருந்து வந்த ஆலிவ் எண்ணெயும் உதவலை. பெரியவங்க தோலின் தடுப்பையே அது பலவீனப்படுத்துதுன்னு 2013-இல் ஓர் ஆய்வு வந்திருக்கு.

பூசற விதத்தையும் அந்த டாக்டரம்மாதான் சொல்லிக் கொடுத்தாங்க. வெதுவெதுப்பான தண்ணியில் அஞ்சு பத்து நிமிஷக் குளியல். துண்டால் தேய்க்காம ஒத்தி எடுக்கணும். தோலில் ஈரம் இருக்கும்போதே, மூணு நிமிஷத்துக்குள்ள, முடி சாயற திசையில் கெட்டியா பூசணும். விலை மலிவான வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியே பல குழந்தைகளுக்குப் போதும்னாங்க. நான் அதுவரைக்கும் பட்டாணி அளவு எடுத்துத் தடவிட்டு இருந்தேன்! பிரிட்டனில் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரம் 250 முதல் 500 கிராம் வரைன்னு சொல்லுது. நம்ம கடையில் 50 கிராம் ட்யூபுக்கே நானூறு ரூபாய்க்கு மேல கொடுத்தேன். கூலிக்குப் போற ஒரு அம்மா என்ன பண்ணுவா?

என்ன பண்ணுவா, மெடிக்கல் ஷாப்புக்குப் போவா. நானும் போனேன். "அக்கா, இதைப் போடுங்க, ரெண்டே நாள்ல போயிடும்"னு கடைத் தம்பி ஒரு ட்யூபை நீட்டினார். சீட்டு கேட்கலை, வயசு கேட்கலை. வாங்கிட்டும் வந்துட்டேன். நல்லவேளை, டாக்டரம்மாகிட்ட முதல்ல காட்டினேன். க்ளோபெட்டசால். ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை, கூடவே பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும். பச்சைக்குழந்தைக்கு உடம்பு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு அதிகம், மருந்து உள்ளே இறங்கிடும். தோல் மெலிஞ்சு போகும். சீட்டில்லாம விற்கக் கூடாதுன்னு 2018-லேயே இந்த வகை ஸ்டீராய்டு கிரீம்களை ஷெட்யூல் ஹெச்-சில் சேர்த்தாச்சு. சட்டம் அங்கே இருக்கு, ட்யூப் என் கையில் இருக்கு.

ஸ்டீராய்டே விஷம்னு நான் சொல்ல வரலை. கரப்பான் வெடிக்கிறப்போ டாக்டரம்மாவே மிதமான ஒண்ணை எழுதினாங்க, அளவும் நாளும் குறிச்சு. அது வேலை செஞ்சுது. இப்போ பாப்பா சேர்ந்தாப்புல அஞ்சு மணி நேரம் தூங்கறா.

குழந்தைக்குன்னு கிரீம் வாங்கினா பெட்டியைத் திருப்பிப் பாருங்க. சீட்டோடதான் விற்கணும்னு காட்டற சிவப்புக் கோடு இருந்து, உங்க கையில் டாக்டர் சீட்டு இல்லேன்னா, அங்கேயே திருப்பிக் கொடுத்துடுங்க.