குடியை விட ஜெபம் மட்டும் போதுமா?

சாராயச் சாவு நடந்தால் பத்து நாள் பேசுகிறோம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் இறந்தபோது பேசினோம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் பேசினோம். யார் காய்ச்சியது, யாருக்கு மாமூல் போனது, இழப்பீடு எவ்வளவு என்ற கேள்விகள் எல்லாம் வந்தன. சாகாமல் தினமும் குடித்துக்கொண்டிருக்கிறவரை எப்படி மீட்பது என்ற கேள்வி மட்டும் பின்னுக்குப் போய்விட்டது.

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரச் சேரிகளில் இந்தக் கேள்விக்கு மக்கள் தாங்களே கண்டுகொண்ட பதில் ஒன்று இருக்கிறது. அது ஜெபக் கூட்டம். முதலில் மனைவி போவார். பிறகு புருஷனை அழைத்துப் போவார். அப்படிப் போய்க் குடியை விட்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பகுத்தறிவு பேசுகிற நம்மில் சிலர் இதைக் கேலி செய்வதுண்டு. அது சரியல்ல. கடைக்குக் கால் இழுக்கிற அந்திநேரத்தில் உட்கார ஓர் இடம் கிடைக்கிறது. ஒரு நாள் வராவிட்டால் வீடு தேடி வந்து கேட்க ஆள் இருக்கிறது. ஊர்த்தெருவில் ‘வாடா, போடா’ என்று அழைக்கப்பட்டவரை அங்கே ‘பிரதர்’ என்று அழைத்து நாற்காலி போடுகிறார்கள். மரியாதையும் துணையும் சேர்ந்து கிடைப்பதுதான் அந்த மருந்தின் பாதி.

உலகம் முழுக்கப் பரவியிருக்கிற ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் வரலாறும் இதையே சொல்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் அதைத் தொடங்கினார்கள். இருவரும் ‘ஆக்ஸ்ஃபோர்டு குரூப்’ என்ற கிறித்தவ இயக்கத்தோடு தொடர்புள்ளவர்கள். ஆனால் தங்கள் அமைப்பை அவர்கள் ஒரு சபையாக்கவில்லை. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்று வாசலைத் திறந்துவிட்டார்கள். கட்டணம் கிடையாது. குடியை விட்டவர் விட நினைக்கிறவரோடு உட்கார்ந்து பேசுவார். அவ்வளவுதான். அந்தத் திறந்த வாசல் நமக்கும் வேண்டும்.

காரணம், நம் ஊரில் மதம் சாதிச் சான்றிதழோடு கட்டப்பட்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்த தலித்துகளுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி உண்டு. கிறித்தவராகிவிட்டால் அது கிடைக்காது. இந்த அநீதியை நீக்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. ஆணை மாறவில்லை. ஞானஸ்நானம் பெறுவது அவரவர் உரிமை. ஆனால் குடியை விட வந்தவருக்கு அதை நிபந்தனையாக்கினால், அப்பாவின் மீட்புக்குப் பிள்ளையின் படிப்பு விலையாகிவிடும்.

இரண்டாவது விஷயம் மருத்துவம். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியலாம், பேச்சு குழறலாம். உயிரே போகவும் வாய்ப்புண்டு. இதைப் பிசாசு என்று நினைத்து எண்ணெய் பூசி ஜெபித்துக்கொண்டிருந்தால் ஆளை இழந்துவிடுவோம். முதலில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். ஜெபம் பக்கத்தில் இருக்கட்டும். போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணைச் சபைச் சுவரிலேயே எழுதி வைக்கலாம்.

மூன்றாவது விஷயம் ‘இல்லம்’ என்ற பெயரில் நடப்பவை. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த அன்புஜோதி ஆசிரமத்தை நாம் மறந்துவிடக் கூடாது. ஆதரவற்றோர், மனநலம் பாதிக்கப்பட்டோர், குடிநோயாளிகள் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். அங்கிருந்த ஒருவரைக் காணவில்லை என்ற புகாரை அடுத்து 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் சோதனை செய்தபோதுதான் அது உரிய உரிமம் இல்லாமல் இயங்கியது வெளியே தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அடித்துத் துன்புறுத்தியதாகவும் பாலியல் வன்முறை நடந்ததாகவும் புகார்கள் எழுந்து வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிப்பழக்கத்தோடு தொடர்புடைய மனநோயும் அடங்கும். அச்சட்டப்படி இத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. வீட்டு ஆளைக் கொண்டுபோய் விடுகிற முன் பதிவுச் சான்று எங்கே, மருத்துவர் யார், எப்போது வந்து பார்க்கலாம் என்று கேட்க வேண்டும். சேவை செய்கிறார்களே, எப்படிக் கேட்பது என்ற கூச்சம்தான் நம்மைக் கெடுக்கிறது.

கேள்வி கேட்கக் கற்றுத்தருவதுதான் இறையியல் படிப்பின் வேலையும். 1980களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலை முன்வைத்தார். சென்னை குருகுல் கல்லூரியில் அது தனித் துறையாகவே வளர்ந்தது. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையிலேயே இறையியலைப் பாடியவர். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பதில்தான் அவர் கடவுளைக் கண்டார். இந்தப் படிப்பு குடிகாரரிடம் ‘நீ பாவி’ என்று சொல்வதோடு முடியாது. மலக்குழியிலும் செங்கல் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் உடம்பு நொறுங்குகிறவருக்குக் குவார்ட்டரைத் தவிர வேறு ஓய்வு ஏன் இல்லை என்று கேட்கும். 2003 முதல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக் வழியாக நடத்துகிற அரசின் பங்கு என்ன என்று கேட்கும். 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மாநாட்டில் திரண்ட பெண்களின் கேள்வியும் இதுதான்.

திருச்சபை தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரில் தலித் கிறித்தவர்கள் பாகுபாட்டை எதிர்த்துத் தனிப் பங்கு கேட்டதால் 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். ஒரே கோயிலுக்குள் இரண்டு வரிசை இருந்தால், குடியை விட்டு வந்தவர் எந்த வரிசையில் உட்காருவார்? எந்த அவமானத்தை மறக்கக் குடித்தாரோ அதே அவமானம் பீடத்தின் முன்பும் கிடைத்தால், அவர் திரும்பக் கடைக்குத்தான் போவார்.

இறையியல் படிக்கிற நம் பிள்ளைகள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிரசங்கத்தோடு நின்றுவிட வேண்டாம். வாரம் ஒரு மாலை, சேரியிலேயே, எந்த மதத்தவரும் வந்து உட்காரும்படி ஒரு கூட்டம் தொடங்குங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை மாதம் ஒருமுறை அழையுங்கள். குடியை விட்டவரைப் பேச வையுங்கள். அவர் மனைவியையும் பேச வையுங்கள். அந்த வீட்டில் அதிகம் அடிபட்டது அவர்தான்.