‘சும்மா கிடைச்ச’ டிக்கெட்டுக்கு யார் காசு குடுத்தது?

இரண்டு வருடத்துக்கு முந்திய நல்லூர்த் திருவிழாவுக்கு எங்களில் ஒருத்தியின் மச்சான் ரொறன்ரோவில் இருந்து வந்திருந்தார். அவர் வந்து இறங்குவதற்கு முதலே குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து இறங்கியது. படுக்கையாக விரியும் சீற், வெள்ளைத் துணி விரித்த மேசையில் சாப்பாடு, கீழே ஒரு வரி: “எல்லாம் பொயின்ற்ஸ். டிக்கெட்டுக்கு ஒரு சதமும் குடுக்கேல்லை.”

அந்தக் கிழமை முழுக்க எங்களுக்குள் இதே கதைதான். கார்ட்டில் செலவழித்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் மைல், மைல் சேர்ந்தால் சிங்கப்பூர். எங்களில் மூன்று பேரிடம் வங்கிக் கடனட்டை இருந்தது. மூன்று பேரும் சேர்க்கத் தொடங்கினோம். இன்றைக்கு நிலவரம் இதுதான்: மூன்று பேரில் ஒருத்தரும் எங்கேயும் பறக்கவில்லை. ஒருத்தர் மட்டும் அந்தக் கார்ட்டில் ஏறிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மச்சானில் பொறாமைப்பட்டு இதை எழுதவில்லை. (கொஞ்சம் இருக்கு, ஒத்துக்கொள்கிறம்.) அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருந்த வரி பிழை என்று சொல்லத்தான் எழுதுகிறோம். அந்த டிக்கெட்டுக்குக் காசு குடுபட்டது. மச்சான் குடுக்கவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் யார் குடுத்தது?

முதலில் இது எப்படித் தொடங்கியது என்று பார்ப்போம். அமெரிக்கன் எயர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் ‘அட்வான்டேஜ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எப்படியும் வெறுமையாகப் போகிற சீற்றை, அடிக்கடி பறக்கிற ஆட்களுக்குக் குடுத்து அவர்களை வேறு விமானத்துக்குப் போகாமல் பிடித்து வைப்பதுதான் யோசனை. மற்ற நிறுவனங்களும் உடனேயே பின்தொடர்ந்தன. ஆனால் கொஞ்சக் காலத்தில் விஷயம் மாறிவிட்டது. வங்கிகள் விமான நிறுவனங்களிடம் இருந்து மைல்களைக் காசு குடுத்து மொத்தமாக வாங்கி, தங்கள் கார்ட் வாடிக்கையாளர்களுக்குக் குடுக்கத் தொடங்கின. அன்றில் இருந்து மைல் என்பது விற்பனைப் பொருள். 2023இல் மட்டும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்திடம் இருந்து டெல்டா எயர்லைன்ஸ் பெற்ற தொகை கிட்டத்தட்ட 6.8 பில்லியன் டொலர். கொரோனாக் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, 2020இல் யுனைற்றட் எயர்லைன்ஸும் 2021இல் அமெரிக்கன் எயர்லைன்ஸும் தங்களுடைய மைல் திட்டத்தை ஈடு வைத்துத்தான் பல பில்லியன் டொலர் கடன் எடுத்தன. எங்கட வீடுகளில் கஷ்டம் வந்தால் நகையைத்தானே அடகு வைப்போம்? அவர்களுக்கு நகை, எங்கள் மாதிரி ஆட்கள் புள்ளி சேர்க்கிற அந்தப் பழக்கம்தான்.

சரி, வங்கிக்கு அந்த மைலை வாங்கக் காசு எங்கிருந்து வருகிறது? இரண்டு வழி முக்கியமானவை.

ஒன்று, கடை. நாங்கள் கார்ட்டை நீட்டும்போதெல்லாம் கடைக்காரர் ஒரு கட்டணம் கட்டுகிறார். அதில் ஒரு பங்கு எங்களுக்குக் கார்ட் தந்த வங்கிக்குப் போகிறது. புள்ளிகளுக்கான காசு வரும் பெரிய வாய்க்கால் அது. கடைக்காரர் அந்தக் கட்டணத்தைத் தன் பொக்கற்றில் இருந்து கட்டிக்கொண்டே இருக்கமாட்டார், சாமான் விலையில் சேர்த்துவிடுவார். சாமான் விலையோ எல்லாருக்கும் ஒன்று. கார்ட் உள்ளவருக்கும் அதுதான், தாள் காசை எண்ணிக் குடுப்பவருக்கும் அதுதான். அமெரிக்காவின் பொஸ்ரன் மத்திய ஒதுக்க வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்குப் பார்த்தார்கள். காசு பாவிக்கும் குடும்பம் ஒன்று வருடத்துக்குச் சராசரியாக 149 டொலர் இழக்கிறது. கார்ட் பாவிக்கும் குடும்பம் ஒன்று 1,133 டொலர் பெறுகிறது. காசு பாவிப்பவர்கள் அனேகமாக வருமானம் குறைந்தவர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கனடாவில் கார்ட்டுக்கென்று தனிக் கட்டணம் வாங்கக் கடைகளுக்கு அனுமதி கிடைத்ததே 2022 ஒக்ரோபரில்தான். அதுவரை விலைக்குள்தான் எல்லாம். ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் காசு குடுத்து முருங்கைக்காய் வாங்குகிற அம்மம்மா ஒருவர், மச்சான் படுத்துக்கொண்டு வந்த சீற்றுக்கு ஒரு சின்னப் பங்கு குடுத்திருக்கிறா. அது அவவுக்கும் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது.

இரண்டாவது வழி, வட்டி. மாத முடிவில் முழுக் காசையும் கட்டாமல் ‘ஆகக் குறைந்த தொகை’ மட்டும் கட்டுகிறவர்கள்தான் வங்கிக்கு நல்ல வாடிக்கையாளர்கள். முழுக்கக் கட்டுகிறவர் புள்ளியை வாங்கிக்கொண்டு போகிறார். கட்ட முடியாதவர் அவருக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

இப்போது எங்கட நாட்டுக்கு வருவோம். கணக்குக்கு ஒரு உதாரணம் எடுப்போம். ஒரு மைல் சேர 200 ரூபா செலவழிக்க வேணும் என்று வையுங்கள். சென்னைக்குப் போய்வர 15,000 மைல் தேவை என்று வையுங்கள். அப்படியென்றால் 30 லட்சம் ரூபாவைக் கார்ட்டில் செலவழிக்க வேணும். மாதம் 50,000 ரூபா கார்ட்டில் போகிற ஒருத்தருக்கு அதற்கு ஐந்து வருடம் எடுக்கும். சிங்கப்பூர் எயர்லைன்ஸின் கிறிஸ்பிளையர், எமிரேட்ஸின் ஸ்கைவோர்ட்ஸ் இரண்டிலும் மைலின் ஆயுள் மூன்று வருடம். ஐந்து வருடத்தில் சேர்கிற மைல், மூன்று வருடத்தில் சாகிறது. ஓட்டை வாளியில் தண்ணி அள்ளுகிற வேலை.

அப்போ என்ன செய்கிறோம்? கூடச் செலவழிக்கிறோம். எங்கட நண்பர் செய்ததும் அதுதான். ‘புள்ளி வருதுதானே’ என்று போன் மாற்றினார், கலியாண வீட்டு உடுப்புகளைக் கார்ட்டில் எடுத்தார், கார்ட் என்றால் மூன்று வீதம் கூட என்று சொன்ன கடையிலும் கார்ட்டையே நீட்டினார். மூன்று வீதம் கூடக் குடுத்து அதைவிடப் பெறுமதி குறைந்த புள்ளி வாங்குவதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. கடைசியில் இரண்டு லட்சம் மிச்சம் நின்றது. வருட வட்டி 26 வீதம் என்று வைத்தாலே வருடத்துக்கு 52,000 ரூபா. சீசன் இல்லாத நேரத்தில் கொழும்பில் இருந்து சென்னைக்குப் போய்வர அந்தக் காசே கிட்டத்தட்டக் காணும். அவர் அந்த டிக்கெட்டுக்குக் காசு குடுத்துவிட்டார். பறக்கவில்லை, அவ்வளவுதான்.

வடக்கில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் 2014இல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. அதனால் அதன் மைல்களைக் கட்டார் எயர்வேஸ், மலேசியா எயர்லைன்ஸ் போன்ற கூட்டணி விமானங்களிலும் பாவிக்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் அதன் சேவை எல்லாம் கட்டுநாயக்காவில் இருந்து. பலாலியில் இருந்து சென்னைக்கு 2024 செப்டெம்பரில் பறக்கத் தொடங்கிய இண்டிகோ எந்தக் கூட்டணியிலும் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் விமானம் ஏறுகிறது. அதில் ஏற உங்கள் மைல் உதவாது. யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ் பிடித்துக் கட்டுநாயக்காவுக்குப் போய்த்தான் ‘இலவச’ டிக்கெட்டைப் பாவிக்க வேணும். டிக்கெட் கையில் இருந்தாலும் விமான நிலைய வரி, சில நிறுவனங்களில் எரிபொருள் மேலதிகக் கட்டணம் எல்லாம் காசாகக் கட்டத்தான் வேணும். விசாக் கட்டணமும் அப்படியே. எந்தத் தூதரகமும் மைல் எடுப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மைலின் பெறுமதியைத் தீர்மானிப்பது அதை வெளியிடுகிற நிறுவனம். இன்றைக்கு 15,000 மைலுக்குக் கிடைக்கிற சீற், நாளைக்கு 25,000 என்று அறிவித்தால் நாங்கள் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. 2023 செப்டெம்பரில் டெல்டா தன் திட்டத்தின் விதிகளைத் திடீரென்று இறுக்கியது. வாடிக்கையாளர்கள் கொதித்ததும், அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டோம் என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டு, சிலவற்றைத் திருத்தினார். அமெரிக்கர்களுக்கு அது அதிர்ச்சி. எங்களுக்கு அது புதிதா? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். சேமிப்பு ஒரே இரவில் மெலிவது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. நாட்டின் காசுக்காவது ஒரு மத்திய வங்கி இருக்கிறது, திட்ட வாய் இருக்கிறது. மைலுக்கு அதுவும் இல்லை.

அப்போ புள்ளியே வேண்டாம் என்கிறோமா? இல்லை. எங்களில் இன்னொருத்தரின் அம்மா பதினொரு வருடமாகக் காணாத மகனை லண்டனில் போய்ப் பார்த்தது புள்ளிகளில்தான். மகன் அங்கே வேலைக்காக அடிக்கடி பறக்கிறவர். சேர்ந்து கிடந்த அவியோஸ் புள்ளிகளில் அம்மாவின் பெயருக்கு டிக்கெட் போட்டார். முதல் முறை விசா மறுக்கப்பட்டது. காசுக்கு எடுத்த மலிவு டிக்கெட் என்றால் அந்தக் காசு அதோடு போயிருக்கும். புள்ளியில் போட்டதால் ஒரு சின்னக் கட்டணத்தோடு ரத்துச் செய்து புள்ளிகளைத் திருப்பி எடுத்தார். இரண்டாம் முறை விசா கிடைத்தது, அம்மா போனா. எங்கட பாஸ்போர்ட்டை வைத்திருக்கிறவர்களுக்குப் புள்ளி டிக்கெட்டின் உண்மையான அருமை இதுதான். பல திட்டங்களில் அதைத் திருப்பிக் குடுக்கலாம். இதை எந்த யூடியூப் காணொளியிலும் நாங்கள் கேட்டதில்லை. ஏனென்றால் அந்தக் காணொளிகளைச் செய்கிறவர்களுக்கு விசா மறுக்கப்படுவது என்றால் என்னவென்று தெரியாது.

கவனியுங்கள், அந்த மகன் புள்ளிக்காக ஒரு ரூபாவும் கூடச் செலவழிக்கவில்லை. எப்படியும் செய்த பயணத்தில் சேர்ந்ததைக் குடுத்தார். அதுதான் வித்தியாசம்.

ஆகவே நாங்கள் எங்களுக்கே போட்டுக்கொண்ட சட்டம் இவ்வளவுதான். மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாதென்றால் புள்ளிக் கதையே வேண்டாம், அந்தக் கார்ட்டை அலுமாரிக்குள் வையுங்கள். புள்ளிக்காக ஒரு சாமானும் வாங்காதீர்கள். கார்ட்டுக்குக் கூடக் கேட்கிற கடையில் காசைக் குடுங்கள். சேர்ந்ததை வைத்துப் பூட்டாமல் ஒரு வருடத்துக்குள் பாவியுங்கள். வெளிநாட்டில் அண்ணாவோ அக்காவோ புள்ளி வைத்திருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், அனேகமான திட்டங்களில் மற்றவர் பெயருக்கும் டிக்கெட் போடலாம். ஆனால் பேஸ்புக்கில் ‘மைல் டிக்கெட் அரை விலை’ என்று விற்கிறவர்களிடம் போகாதீர்கள். மைலை விற்பதை விமான நிறுவனங்களின் விதிகள் தடை செய்கின்றன. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்துச் செய்வார்கள், நீங்கள் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்க வேண்டி வரும்.

எங்கட தலைமுறைக்கு வெளியே போகிற ஆசை இருக்கிறது. அதில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஆசையைத்தான் கார்ட் விளம்பரம் குறிவைக்கிறது. விமானத்தின் படத்தைப் போட்டுக் கடனை விற்கிறார்கள். மாதம் ஐயாயிரமோ பத்தாயிரமோ பேசாமல் சேமிப்புக் கணக்கில் போட்டால் சென்னைக்கு ஒரு வருடத்துக்குள் போய்விடலாம். படம் போட அழகாக இருக்காது, நடு சீற்றில் முழங்கால் இடிக்க இருந்து போக வேண்டி வரும். ஆனால் அந்த டிக்கெட்டுக்கு யார் காசு குடுத்தது என்று கேட்டால், ‘நாங்கள்தான்’ என்று சொல்லலாம்.

மச்சான் இந்த வருடமும் திருவிழாவுக்கு வருகிறாராம். இதை அவருக்கு அனுப்பினோம். “எல்லாம் சரி, உங்களில ஆருக்கு டிக்கெட் போட?” என்று கேட்டிருக்கிறார். கடன் கட்டிக்கொண்டிருக்கிற நண்பரின் பெயரைத்தான் குடுத்திருக்கிறோம்.