ஃபார்மேட் போட்டா சரியாயிடும் சார்!

கம்ப்யூட்டர் ரிப்பேர்னு யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்க. ஸ்லோவா இருக்கா? ஃபார்மேட். தானா ரீஸ்டார்ட் ஆகுதா? ஃபார்மேட். நீலத் திரை வருதா? ஃபார்மேட். ஃபேன் சத்தம் போடுதுன்னு சொன்னாக்கூட "ஒரு ஃபார்மேட் போட்டுப் பாத்துடலாம் சார்"னு சொல்ற ஆளுங்க இருக்காங்க :-) எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே ஊசி போடற டாக்டர் மாதிரி.

என்னைக் கேட்டா, பாதி நேரம் ஃபார்மேட்ங்கறது வைத்தியமே இல்லை மக்களே. நோய் என்னன்னு பாக்காம தப்பிச்சுக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

எங்க சித்தி வீட்டுல போன வருஷம் நடந்ததைச் சொல்றேன். பேங்க் சைட்டைத் திறந்தா "இணைப்பு பாதுகாப்பானது இல்லை"ன்னு எச்சரிக்கை. எந்த சைட்டைத் திறந்தாலும் இதே கதை. பக்கத்துக் கடையிலேர்ந்து ஒருத்தர் வந்தார். "வைரஸ்மா"ன்னார். ஃபார்மேட் போட்டு, விண்டோஸ் ஏத்தி, தேதி நேரமெல்லாம் சரி பண்ணிட்டு, 600 ரூபா வாங்கிட்டுப் போயிட்டார். அன்னைக்கு எல்லாம் நல்லா ஓடுச்சு. மறுநாள் காலைல மறுபடி அதே எச்சரிக்கை.

அந்த ஞாயித்துக்கிழமை நான் போயிருந்தேன். திரையோட கீழ் ஓரத்துல தேதியைப் பாத்தா 2018, ஜனவரி 1.

விஷயம் இதுதான். மதர்போர்டுல காசு சைஸ்ல ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். சிஆர் 2032ன்னு பேரு, 3 வோல்ட். கரண்ட் இல்லாதப்ப கடிகாரத்தை ஓட வைக்கிறது அதுதான். சித்தி தினமும் ராத்திரி சுவத்து ஸ்விட்சையே அணைச்சிட்டுத்தான் படுப்பாங்க. பேட்டரி செத்துப் போனதால, காலைல பொட்டி கண் முழிக்கும்போது அதுக்கு 2018. ஒவ்வொரு சைட்டோட சான்றிதழுக்கும் ஆரம்பத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2018ல நிக்கற கம்ப்யூட்டருக்கு இன்னைய சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்லை. அதான் எச்சரிக்கை. 40 ரூபாய்க்கு பேட்டரி வாங்கி மாட்டினேன், சரியாயிடுச்சு.

வந்தவர் தேதியைக் கையால திருத்தியிருக்கார். அது ஏன் தப்பா இருந்துச்சுன்னு யோசிக்கவே இல்லை பாருங்க!

ஆனா போனது 600 ரூபா மட்டும் இல்லை. சித்தப்பா 2020ல காலமானார். அவரை உக்கார வச்சு ஊர்க் கதை, திருவிழாக் கதையெல்லாம் தங்கச்சி பதிவு பண்ணி வச்சிருந்தா. முப்பதுக்கு மேல ஆடியோ ஃபைல், எல்லாம் அந்தப் பொட்டியிலதான் இருந்துச்சு. ரெக்கவரி மென்பொருள் போட்டு ரெண்டு நாள் தேடினேன். ஒண்ணும் கிடைக்கலை.

ஏன் கிடைக்கலைங்கறதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சுத்தற பழைய ஹார்ட் டிஸ்க்ல குவிக் ஃபார்மேட் போட்டா பொருளடக்கம் மட்டும்தான் போகும், பக்கங்கள் அப்படியே இருக்கும். மேல எதுவும் எழுதாத வரைக்கும் தோண்டி எடுத்துடலாம். இப்ப இருக்கறது எஸ்எஸ்டி. 2009ல வந்த விண்டோஸ் 7லேர்ந்து, ஃபார்மேட் போட்டா "இந்த இடமெல்லாம் இனிமே தேவையில்லை"ன்னு டிஸ்குக்கு ஒரு கட்டளை போகும். ட்ரிம்னு பேரு. டிஸ்க் தானே உள்ள துடைச்சுப் போட்டுடும். அதுக்கப்புறம் மீட்கறது கிட்டத்தட்ட முடியாத காரியம். போதாததுக்கு, அந்தக் காலத்துல "டி டிரைவ்ல வச்சா போகாது"ன்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. இப்ப நிறைய பொட்டியில சி டிரைவ் ஒண்ணுதான்.

வந்தவரை மட்டும் திட்டறதுல நியாயம் இல்லை. ஃபார்மேட்னா ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடும், காசும் கைக்கு வரும். கோளாறு எங்கன்னு தேடினா அரை நாள் ஆகலாம். "சும்மா பாத்ததுக்கா இவ்வளவு?"ன்னு நாமதான் கேப்போம். கண்டுபிடிக்கறதுக்குக் காசு குடுக்காத ஊர்ல எவன் கண்டுபிடிப்பான்? டாக்டருக்கு ஃபீஸ் குடுக்கறோம் இல்லையா, அந்த மாதிரி பாக்கறதுக்குன்னு தனியா குடுங்க. "என்ன கோளாறு, எப்படித் தெரிஞ்சுது?"ன்னு கேட்டுட்டுக் குடுங்க.

அதுக்கு முன்னாடி நீங்களே பாக்கக்கூடியது: தேதி சரியா? விண்டோஸ் கூடவே வர்ற மெமரி சோதனை என்ன சொல்லுது? கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, இலவசம்தான், டிஸ்க் ஆரோக்கியம் எப்படின்னு காட்டுது? ரேமைக் கழட்டி, அழிரப்பரால தேய்ச்சு மாட்டினா சரியாகுதா?

எது எப்படி இருந்தாலும் முதல் வேலை, ஃபைல்களை வேற டிஸ்க்ல காப்பி எடுக்கறது. விண்டோஸ் திறக்கலைன்னாலும் உபுண்டு போட்ட பென் டிரைவ்ல பூட் பண்ணி பெரும்பாலும் எடுத்துடலாம். எடுத்ததைத் திறந்து பாத்து சரியா இருக்குன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் பொட்டியை யார் கையிலயும் குடுக்கணும்.

அடுத்த தடவை யாராவது "ஃபார்மேட் போட்டா சரியாயிடும்"னு சொன்னா, "எது சரியாயிடும்?"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதில் வரலைன்னா காபி குடுத்து அனுப்பிடுங்க. வரட்டுங்களா?